லேப்டாப்ல லைவ் சவுண்ட் எடுக்க எந்த சாஃப்ட்வேர்? அவசரம், திங்கக்கிழமை ஷூட்

வராகநதி
வணக்கம். குறும்படம் எடுக்கறோம். லைவ் சவுண்ட்தான், டப்பிங் கிடையாது. ரெக்கார்டர் வாடகைக்கு எடுக்க பட்ஜெட் இல்ல, அதனால லேப்டாப்லயே ரெக்கார்ட் பண்ணப் போறோம். டெஸ்ட் பண்ணிப் பாத்தா நடுநடுவுல டக் டக்னு சத்தம். லேபல் மைக் (சட்டைல குத்தற சின்ன மைக்) குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி மெலிசா இருக்கு. சாஃப்ட்வேர் சரியில்லன்னு நினைக்கிறேன். நல்லதா ஒண்ணு சொல்லுங்க. திங்கக்கிழமை காலைல ஃபர்ஸ்ட் ஷாட்.

பூம்கம்பு
விண்டோஸா, மேக்கா? மைக் நேரா லேப்டாப்ல போகுதா, நடுவுல இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போட சேர்க்கற பெட்டி) இருக்கா? மொத்தம் எத்தனை மைக்?

எடிட்மேஜை
கேமரா என்ன ஃப்ரேம் ரேட்ல ஓடுது? டைம்கோட் (கேமராவுலயும் ஒலியிலயும் ஒண்ணா ஓடற நேர எண்) உண்டா, கிளாப் மட்டும்தானா? எடிட் எதுல?

யாழ்க்குரல்
நான் மேக்கில பூம் ரெக்கார்டர்தான் பாவிக்கிறன். பாட்டு மிக்ஸ் செய்யிறதுக்கு எண்டு செய்த மென்பொருள் இல்லை, படப்பிடிப்புக்கெண்டே செய்தது. சீன், டேக் இலக்கத்தை அடிச்சால் ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிடும். வேற ஒண்டையும் யோசிக்காதேங்கோ.

ஒலிப்பேழை
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். லேப்டாப்பில் லொக்கேஷன் சவுண்ட் எடுப்பது தொழில்முறை வேலை அல்ல. அதில் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் தடுப்பது) இல்லை, டைம்கோட் இல்லை, வெயிலில் திரை தெரியாது, விசிறி சத்தம் பூமில் (நீளக் கம்பில் மாட்டிய மைக்கில்) ஏறும். ஜூம் எஃப்8என் அல்லது மிக்ஸ்ப்ரீ வகை ரெக்கார்டரில் ஒன்றை எடுங்கள். கெயின் ஸ்டேஜிங் என்றால் என்னவென்று முதலில் படித்துவிட்டு வந்தால் பேசலாம்.

வராகநதி
விண்டோஸ் 10. நண்பரோட யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், நாலு இன்புட். பூம்ல ஒரு ஷாட்கன் மைக், ரெண்டு வயர்லெஸ் லேபல். மிர்ரர்லெஸ் கேமரா, 24ல வச்சிருக்கோம். டைம்கோட் இல்ல. ரிசால்வ்ல எடிட். மேக் வாங்க முடியாதுங்க யாழ்க்குரல்.

பூம்கம்பு
இப்போ பேசலாம். ரீப்பர் போடுங்க தம்பி. 60 நாள் மதிப்பீட்டுக்கு ஓட்டலாம், அதுக்கப்புறம் சின்னப் படங்களுக்கு 60 டாலர் லைசென்ஸ். பழைய லேப்டாப்லயும் லேசா ஓடும்.

ஆனா டக் டக் சத்தம் சாஃப்ட்வேர் மாத்தினா மட்டும் போகாது. இன்டர்ஃபேஸ் கம்பெனியோட ஏசியோ டிரைவரை (ஆடியோவை விண்டோஸ் குறுக்கிடாம நேரா கொண்டு போறது) இறக்கிப் போட்டீங்களா? ரீப்பர்ல பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் போய் அந்த ஏசியோவையே தேர்ந்தெடுங்க. பஃபர் (ஒலியைக் கொஞ்சம் சேத்து வச்சு அனுப்பற அளவு) 512 இல்லன்னா 1024. ஹெட்போனை இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்ல கேட்டா பஃபர் பெருசா இருந்தாலும் தாமதம் தெரியாது. வைஃபை, ப்ளூடூத் ரெண்டையும் அணைங்க. வைஃபை டிரைவர்தான் பல லேப்டாப்ல ஆடியோவை வெட்டுது. லேட்டன்சிமான்னு ஒரு இலவசக் கருவி இருக்கு, எந்த டிரைவர் தொல்லை பண்ணுதுன்னு பேரோட காட்டும். பவர் ஆப்ஷன்ஸ்ல ஹை பெர்ஃபார்மன்ஸ் வச்சு, யூஎஸ்பியைத் தூங்க வைக்கற யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்க. யூஎஸ்பி ஹப் வேண்டாம்.

உங்க லேபல் மைக் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையா? அப்படின்னா வைஃபை, ப்ளூடூத் ஓடற லேப்டாப் பக்கத்துல ரிசீவரை வச்சாலே சிக்னல் விட்டு விட்டு வரும்.

எடிட்மேஜை
ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுன்னு பூட்டிடுங்க. 44.1ல எடுத்துட்டு எடிட்டுக்குக் கொண்டு வராதீங்க. உங்க கேமரா மெனுல 24பின்னு போட்டிருந்தாலும் நிறைய மிர்ரர்லெஸ்ல உண்மைல ஓடறது 23.976. ஒரு கிளிப் எடுத்து ரிசால்வ்ல அதோட விவரத்தைப் பாருங்க, அதே எண்ணை டைம்லைனுக்கும் வைங்க. கலந்துட்டா ஒரு மணி நேரத்துக்கு 3.6 வினாடி தள்ளும். கேமரா மைக்கையும் கண்டிப்பா ஓட விடுங்க. அந்த ஒலியை வச்சுத்தான் ரிசால்வ் அலைவடிவம் பார்த்து சிங்க் பண்ணும்.

கோடம்பாக்கம்
ஏன் இவ்வளவு சிரமம்? லேப்டாப்ல பைலட் ட்ராக் (டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டும் எடுக்கற ஒலி) எடுங்க, டப்பிங்ல முடிச்சுடுங்க. நான் பாத்த யூனிட்ல எல்லாம் அதுதான் வழக்கம். ஜெனரேட்டர் ஓடும், ஜனம் கூடும், கேமரா பக்கத்துல நின்னு உதவி இயக்குநர் வசனம் ப்ராம்ப்ட் பண்ணுவார். இதுல எங்க லைவ் சவுண்ட் எடுப்பீங்க?

எடிட்மேஜை
ப்ராம்ப்ட் பண்றதை நிறுத்தினா எடுக்கலாம் சார். வசனம் மனப்பாடம் இல்லாம நடிகரை கேமரா முன்னாடி நிறுத்தறதே தப்புன்னு நான் நினைக்கிறேன். புது ஆள் நடிக்கும்போது ஸ்பாட்ல வர்ற மூச்சும் தடுமாற்றமும் மூணு மாசம் கழிச்சு டப்பிங் தியேட்டர்ல வராது.

கோடம்பாக்கம்
நல்ல டப்பிங் கலைஞர் அந்த மூச்சையும் கொண்டு வருவார். அவங்க உழைப்பைக் குறைச்சுப் பேசாதீங்க. எத்தனையோ பேரோட நடிப்பைத் தூக்கி நிறுத்தினது அந்தக் குரல்தான்.

யாழ்க்குரல்
குறைச்சுக் கதைக்கேல்லை. ஆனால் எங்கட ஊர்ப் பேச்சை வேற ஊர் ஆள் டப்பிங் செய்தால் அது எங்கட பேச்சா இராது. இவையளும் தங்கட ஊர்ப் பிள்ளையளை வச்சுத்தான் எடுக்கினம் போல. அந்தக் குரலே படத்துக்கு வேணும்.

ஒலிப்பேழை
இழை திசைமாறிவிட்டது. லேப்டாப்பை நம்பினால் ஒரு கிராஷில் முழு நாளும் போகும் என்பதை யாரும் சொல்லவில்லை. வேவ் ஃபைலின் தலைப்பகுதி ஒழுங்காக எழுதப்படுவது நிறுத்தும்போதுதான். நடுவில் நின்றால் ஃபைல் திறக்காமல் போகலாம்.

பூம்கம்பு
அந்த பயம் நியாயம்தான். ஆனா தொழில்முறை இல்லன்னு சொன்னது சரியில்ல. பூம் ரெக்கார்டர், மெட்டாகார்டர் ரெண்டையும் தள்ளுவண்டில வச்ச மேக்ல ஓட்டி முழுநீளப் படமே எடுத்திருக்காங்க.

தம்பி, கட் சொன்னதும் ரெக்கார்டிங்கை நிறுத்துங்க, டேக்குக்கு ஒரு ஃபைல். நிறுத்தின ஃபைல் எதுவும் அடுத்த கிராஷ்ல போகாது. ரீப்பர்ல செகண்டரி ரெக்கார்டிங் பாத் உண்டு. ட்ராக் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு இடத்துலயும் எழுதுன்னு வச்சா வெளி எஸ்எஸ்டிக்கும் ஒரு பிரதி போயிடும். மூணு ட்ராக் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜிபிதான். லெவல் பேச்சுக்கு -20 டிபி பக்கம் வைங்க, சத்தம் போடற வசனத்துக்கு மேல இடம் இருக்கும்.

சீன், டேக் எண்ணைப் பதியறதுக்கு சவுண்ட் டிவைசஸோட வேவ் ஏஜென்ட் இலவசம். ராத்திரி ரூமுக்கு வந்து அதுல அடிச்சுக்கலாம். ஆனா குரல்லயும் சொல்லுங்க, "சீன் 12, ஷாட் 3, டேக் 2"ன்னு. யாழ்க்குரல் சொல்ற வசதி ரீப்பர்ல அப்படியே கிடையாது, அதை ஒத்துக்கறேன்.

மைக்செட்_உசிலை
தம்பி, லேபல் மைக் பத்தி யாரும் பேசலையே. ரிசீவர்லயே ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. அங்க நல்லா கேக்குதா?

வராகநதி
ஆமாண்ணே, அங்க தெளிவா கேக்குது. லேப்டாப்லதான் மெலிசு.

மைக்செட்_உசிலை
அப்போ கேபிள்தான். ரிசீவர்ல 3.5 ஸ்டீரியோ பின், இன்டர்ஃபேஸ்ல கேனன் (மூணு பின் இருக்கற எக்ஸ்எல்ஆர்), சரியா? ஸ்டீரியோ பின்னோட நுனிலயும் நடு வளையத்துலயும் ஒரே சிக்னல்தான் வரும். உங்க கேபிள்ல நுனி கேனனோட 2-ம் பின்னுக்கும் வளையம் 3-ம் பின்னுக்கும் போயிருக்கு. கேனன் இன்புட் 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும், மிச்சம் இருக்கறதுதான் உங்களுக்குக் கேக்குது. எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் இப்படித்தான் இருக்கும்.

இன்னொண்ணு. ஷாட்கனுக்கு ஃபேன்டம் (கேபிள் வழியா மைக்குக்குப் போற கரண்ட்) போட்டிருப்பீங்க. நிறைய இன்டர்ஃபேஸ்ல ஒரே சுவிட்ச்தான், எல்லா கேனனுக்கும் 48 வோல்ட் போகும். ரிசீவருக்கு அது ஆகாது. அதனால லேபல் ரெண்டையும் கேனன்ல கொடுக்காதீங்க, 6.35 ஜாக்ல லைன் இன்புட்ல கொடுங்க. அங்க ஃபேன்டம் வராது. கேபிள்ல ரிசீவர் பக்கத்து நுனியை ஜாக்கோட நுனிக்கு, எர்த்தை எர்த்துக்கு வைங்க. வளையத்தை சும்மா விட்டுடுங்க. பத்த வைக்கத் தெரிஞ்ச எந்த ரேடியோ கடைலயும் செஞ்சு தருவாங்க.

ஒலிப்பேழை
இது சரியான விளக்கம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் எர்த் இரைச்சலும் குறையும். லேப்டாப்பை அடுத்த அறையில் வைத்து நீளமான மைக் கேபிள் இழுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து அரை நிமிடம் வெறும் ஆம்பியன்ஸ் (அந்த இடத்தின் சுற்றுப்புற ஒலி) எடுங்கள். எடிட்டில் அது இல்லாமல் வெட்டை மூட முடியாது.

வராகநதி
ரீப்பர் போட்டாச்சு. ஏசியோ வச்சு வைஃபை அணைச்சதும் டக் டக் போயிடுச்சு, இருபது நிமிஷம் விடாம ஓட்டிப் பாத்தேன். கேமரா 23.976தான், டைம்லைனை மாத்திட்டோம். பெரியகுளத்துல ஒரு கடைல கேபிள் பத்த வைக்கக் கொடுத்திருக்கேன், சாயங்காலம் தர்றாராம். எல்லாருக்கும் நன்றி.

எடிட்மேஜை
கேபிள் வந்ததும் மூணு மைக்கையும் ஒண்ணா ஓட்டி, ஒரு கிளாப் அடிச்சு ரிசால்வ்ல சிங்க் ஆகுதான்னு ஞாயித்துக்கிழமையே பாருங்க. பத்து நிமிஷ டேக்கா எடுங்க, தள்ளுதான்னு கடைசில தெரியும்.

கோடம்பாக்கம்
ஜெனரேட்டரை எவ்வளவு தூரத்துல நிறுத்தறீங்க?