மறு: ஹெகெமோன் என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ஹெகெமனிக்கு மேலாதிக்கம் என்ற சொல் நிலைத்துவிட்டது. ஆகவே மாசிடோனியாவின் பிலிப்பை 'மேலாதிக்கர்' என்றே எழுதிவிடலாம்.

மேலே காட்டிய கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய உலக அரசியலைப் பேச மேலாதிக்கம் நல்ல சொல். அதை அலெக்சாண்டரின் தந்தையான மன்னர் பிலிப்பின் காலமான கி.மு. 4ஆம் நூற்றாண்டின்மேல் பூட்டினால் வரலாறு கோணிப்போகிறது.

ஹெகெமோன் என்பது கூட்டணியை முன்னின்று நடத்துபவருக்குக் கிரேக்கர் தந்த பட்டம்; ஹெகெமனி அந்தத் தலைமை நிலை. இந்தக் கிரேக்கச் சொல்லின் வினையடிக்கு முன்னே நடத்திச் செல்லுதல் என்று பொருள். அதில் 'மேல்' இல்லை, 'முன்' இருக்கிறது. பாரசீகப் படையெடுப்பை எதிர்க்க கி.மு. 481இல் ஒன்றுகூடிய நகரங்கள் ஸ்பார்ட்டாவுக்குக் கொடுத்தது இந்த இடத்தைத்தான். பிறகு அது ஏதென்ஸுக்குப் போயிற்று. ஏதென்ஸோ கூட்டாளிகளை மெல்ல மெல்லக் குடிகளாக்கியது. டெலோஸ் தீவிலிருந்த பொதுக் கருவூலத்தை 454இல் தன் ஊருக்கே கொண்டுபோனது. அந்த நிலையைச் சொல்ல கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் 'ஆர்க்கே', அதாவது ஆளுகை, என்ற வேறு சொல்லை எடுக்கிறார். கிரேக்கரே பிரித்து வைத்த இரண்டை நாம் ஏன் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டும்?

பிலிப்பின் மதிநுட்பமே இந்தச் சொல்லில்தான் தெரிகிறது. 359இல் அவர் பொறுப்புக்கு வந்தபோது மாசிடோனியா அண்டை நாட்டு இல்லீரியரிடம் தோற்று, மன்னரையே போர்க்களத்தில் இழந்திருந்தது. இருபத்தோரு ஆண்டுகளில், கைரோனியாப் போரில் ஏதென்ஸையும் தீப்ஸையும் சேர்த்து வென்றார். வென்றவர் கிரேக்கத்தின் அரசராக முடிசூட்டிக்கொள்ளவில்லை. 337இல் கொரிந்தில் நகரங்களின் அவையைக் கூட்டி, பாரசீகப் போருக்கு ஹெகெமோன் என்ற பழைய பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். தீப்ஸிலும் கொரிந்திலும் அவருடைய காவற்படை நின்றது உண்மைதான். பட்டம் ஒன்று, நிலைமை வேறு. அந்த இடைவெளி வாசகர் கண்ணில் பட வேண்டும். 'மேலாதிக்கர்' அதை மூடிவிடுகிறது.

என் பரிந்துரை: முன்னேகி. பதவியைக் குறிக்க முன்னேகுரிமை. 'முன்னே ஏகி' என்று வினையெச்சமாகப் படித்துவிடுவார்களே என ஒரு நண்பர் கேட்டிருந்தார். 'முன்னோடி'யும் இதே வார்ப்புதான். யாரும் அதை 'முன்னே ஓடி' என்று படித்துத் தடுமாறுவதில்லை. 'ஏகு' பழைய சொல், ஆனாலும் செத்த சொல் அல்ல. 'தலைவர்' எளிது என்பது சரி, ஆனால் அது எல்லாப் பதவிக்கும் பொருந்துவதால் இந்தப் பதவிக்குப் போதாது.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். பிலிப்புக்குப் பின் அதே பட்டத்தோடு பாரசீகப் போரை நடத்திய அலெக்சாண்டர், 330இல் பாரசீகப் பேரரசின் எக்பட்டானா நகரில் கிரேக்கக் கூட்டணிப் படைகளை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். 'முன்னேகியாகத் தொடங்கிய போரை இனி அரசராகவே நடத்தினார்' என்று எழுதினால் திருப்பம் உடனே விளங்குகிறது. 'மேலாதிக்கராகத் தொடங்கிய' என்று போட்டுப் பாருங்கள், எதுவுமே மாறாதது போலிருக்கிறது.

கொரிந்து அவையின் பெயரான 'சினெட்ரியோன்' இன்னும் பாக்கி. 'கூட்டவை' சரியாக வருமா? 'பேரவை' என்றால் இன்றைய சட்டமன்ற நினைவு வந்துவிடும் என்று தயங்குகிறேன்.