கலைச்சொல்: ‘கன்சர்வேஷன் அக்ரிகல்ச்சர்’ – உழாத உழவுக்கு என்ன பெயர் வைப்பது?

நங்கநல்லூர், திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். சிறு குறு விவசாயிகளுக்கான 24 பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். கன்சர்வேஷன் அக்ரிகல்ச்சர் என்பதற்கு ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு மூன்று கூறுகளைச் சொல்கிறது: மண்ணைக் கூடியவரை கிளறாமல் விடுவது, மண்ணை எப்போதும் எதையாவது கொண்டு மூடி வைப்பது, ஒரே பயிரை வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர்.

இப்போதைக்கு ‘பாதுகாப்பு வேளாண்மை’ என்று போட்டிருக்கிறேன். மெய்ப்புப் பார்த்த என் சித்தப்பா, "வயலுக்கு செக்யூரிட்டி போடுறதாம்மா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கை கொடுங்கள்.

மயிலாப்பூர், திங்கள் மதியம்

அம்மா, ‘உழவில் வேளாண்மை’ என்று வையுங்கள். ‘எல்லையில் இன்பம்’ என்பதில் போல ‘இல்’ இங்கே இன்மையைச் சொல்லும். சுருக்கம், இலக்கணச் சுத்தம். உழாமைதானே இதன் உயிர்? வள்ளுவரே ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்று ஏரை ஒருபடி இறக்கியிருக்கிறாரே!

சைதாப்பேட்டை, திங்கள் இரவு

வணக்கம். வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் கழிந்தது. (இப்போது குடியிருப்பது சைதாப்பேட்டை. 1868-இல் இந்த ஊரில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-இல் கோவைக்குப் போய், பின்னால் பல்கலைக்கழகமானது. இன்று இங்கே ஒரு பிடி வெறும் மண் கண்ணில் படாது.)

> உழவில் வேளாண்மை

ஐயா மன்னிக்க வேண்டும். இதைக் களத்துமேட்டில் வாசித்தால் ‘உழவிலே வேளாண்மை’ என்றுதான் காதில் விழும். சொல்ல வந்ததற்கு நேர் எதிர். அதை ‘உழவில்லா’ என்று நீட்டிச் சரி செய்துவிடலாம். ஆனால் பெரிய சங்கடம் வேறு. நம் மொழியில் உழவு என்றாலே வேளாண்மைதான். ஏரைத் தொட்டே பார்க்காதவரும் உழவர்; அவர் விற்கும் இடம் உழவர் சந்தை; அரசு கொடுத்த செயலி உழவன். ‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்று கேட்டு வளர்ந்தவரிடம் போய் ‘உழாதீர்கள்’ என்று ஆரம்பித்தால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். உழாத நிலத்துக்கு அவரிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: தரிசு. அது வசைச்சொல் மாதிரி. போதாக்குறைக்கு, கோடை உழவு போடுங்கள் என்று வருஷா வருஷம் துண்டறிக்கை கொடுத்தவர்கள் நாங்கள். என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

‘பாதுகாப்பு’ம் ஆகாது. பயிர் பாதுகாப்பு என்றால் ஊரில் மருந்தடிப்பது. மண் பாதுகாப்பு என்றால் வரப்பும் தடுப்பணையும். பாதுகாக்கப்பட்ட சாகுபடி என்றால் பசுமைக்குடில். மூன்று வீட்டில் வாழ்க்கைப்பட்ட சொல்லை நான்காவது வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம்.

வேறு நாட்டார் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். பிரேசிலில் பரனா மாநிலத்து விவசாயி ஹெர்பர்ட் பார்ட்ஸ் 1972-இல் உழாமல் விதைக்க ஆரம்பித்தார். அங்கே இதற்குப் போர்த்துகீசியப் பெயர், ‘வைக்கோலில் நேரடி விதைப்பு’ என்ற பொருளில். எதை விட்டுவிட்டோம் என்பதைச் சொல்லவில்லை. நிலத்தில் என்ன கிடக்கிறது என்பதைச் சொல்கிறது. ஜிம்பாப்வேயில் கதை வேறு. அங்கே மண்வெட்டியால் குழி குழியாகத் தோண்டி விதைக்கும் முறையாக இது பரப்பப்பட்டது. ‘தோண்டு, சாப்பிடு’ என்று ஒரு பெயர் வழங்கியது. முதுகு ஒடிந்தவர்கள் அதையே ‘தோண்டு, செத்துப்போ’ என்று திருப்பிவிட்டார்கள். நாம் பெயர் வைக்காவிட்டால் ஊர் வைத்துவிடும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னால், நெல் நின்றுகொண்டிருக்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்தையும் பயறையும் ஊடே வீசிவிடுவார்கள். ஏர் கிடையாது, பாத்தி கிடையாது, தண்ணீரும் அநேகமாகக் கிடையாது. நெல்லை அறுக்கும்போது காலடியில் உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கும். மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும். இதற்கென்றே ஆடுதுறை 3 என்று உளுந்து ரகம் உண்டு. ‘நெல் தரிசுப் பயறு’ என்று நாங்கள் பதிவேட்டில் எழுதினோம். பாருங்கள், அங்கேயும் அந்தத் ‘தரிசு’! இந்த விவசாயியிடம் போய் உங்களுக்குப் புதுத் தொழில்நுட்பம் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லும் கையேட்டை நானாக இருந்தால் கிழித்துப் போடுவேன். ‘தை மாசம் நீங்க செய்யுறதைத்தான் மத்தப் பட்டத்துக்கும் கொஞ்சம் நீட்டிப் பாருங்க’ என்று சொன்னால் உட்கார்ந்து கேட்பார். (அறுவடை இயந்திரம் வந்த பிறகு அந்த உளுந்து சக்கரத்தில் நசுங்குகிறது என்பது தனிச் சோகம். செயின் வண்டி ஓரளவு பரவாயில்லை.)

என் பரிந்துரை: மொத்த முறைக்கும் ‘மண்பேண் வேளாண்மை’. உழாமல் விதைக்கும் செயலுக்குத் ‘தாள்விதைப்பு’. நிலத்தை மூடும் பொருளுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம்; இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் காலத்திலேயே ஊர் ஊராகப் பரவிவிட்ட ‘மூடாக்கு’ இருக்கிறது.

தரமணி, செவ்வாய்

அண்ணா, மண்பேண் அருமை. ஆனால் தாள்விதைப்பு? எங்கள் அலுவலகத்தில் நாலு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் பேப்பரில் விதை ஒட்டி நடுவதா என்றார்கள். ஒருத்தர் வினாத்தாள் கசிவு என்று நினைத்துக்கொண்டார்.

பல்லாவரம், செவ்வாய்

எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணன் அச்சிறுபாக்கம் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறார். அதைப் பிடுங்கும்போதே மண் புரண்டுவிடும். ‘உழவில்லா’ என்ற பெயர் அவருக்குப் பொய்யாகிவிடும். அதனால் சைதாப்பேட்டை ஐயா பக்கம் நான்.

ஆனால் ஐயா, பேருக்கு முன்னால் ஒரு விஷயம். வைக்கோலை வயலில் விடுங்கள் என்று கையேடு சொல்கிறது. அண்ணன் வீட்டில் இரண்டு கறவை மாடு. வைக்கோல் வயலில் கிடந்தால் மாட்டுக்கு யார் வாங்கிப் போடுவது? உழாவிட்டால் முதல் இரண்டு மூன்று வருஷம் களை ஏறும். களை எடுப்பது அண்ணனா? அண்ணி. பக்கத்துக் கொல்லையில் இருப்பவர் வருஷக் குத்தகை. மண் தேறுவதற்குள் நிலம் கைமாறிவிடும். மூடாக்கு போட்டால் கரையான் வருகிறது என்றும் அண்ணி சொன்னார். இதையெல்லாம் கையேடு எந்தப் பக்கத்தில் சொல்கிறது?

சைதாப்பேட்டை, செவ்வாய் இரவு

அம்மா சொல்வது முழுக்க நியாயம். கையேட்டில் விளைச்சல் கூடும் என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதையும் திருத்துங்கள். 610 ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளியான கட்டுரை ஒன்று உண்டு. உழாமல் விட்டதில் சராசரி விளைச்சல் 5.7 சதவீதம் குறைந்தது. ஆனால் வறண்ட மானாவாரி நிலத்தில், மூடாக்கும் பயிர் சுழற்சியும் சேர்ந்தபோது 7.3 சதவீதம் கூடியது. ஏரை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் விட்டால் நஷ்டம். ஆகவே ‘உழவில்லா’ என்பது காதுக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் ஒத்துவராத பெயர்.

வைக்கோல் விஷயத்தில், முழு நிலத்தையும் மூட வேண்டியதில்லை. ஐ.நா. அமைப்பு கேட்பது குறைந்தது 30 சதவீதம். அறுக்கும்போது கொஞ்சம் உயரத்தில் விட்டு அறுத்து, மேல் பாதியை மாட்டுக்குக் கொண்டுபோகலாம். மாடு வைத்திருப்பவர், மாடு மேயாத செடிகளின் தழையையும் மூடாக்காகப் போடலாம். அதற்கும் போதவில்லை என்றால் கால் ஏக்கரில் தொடங்கட்டும். குத்தகைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

தரமணித் தம்பிக்கு: ‘அரிதாள்’ என்று போட்டுப் பாருங்கள். அறுத்தபின் வயலில் நிற்கும் அடிக்கட்டைக்குப் பழைய சொல், அகராதியிலும் உண்டு. ‘அரிதாள் விதைப்பு’. யாரும் காகிதத்தை நினைக்க மாட்டார்கள்.

மயிலாப்பூர், புதன்

உழவில் வேளாண்மையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே குறளின் கடைசியில் ‘நீரினும் நன்றதன் காப்பு’ என்று இருக்கிறதே! ‘காப்பு வேளாண்மை’ என்றால் குறளிலேயே சொல் கிடைக்கிறது.

பல்லாவரம், புதன்

ஐயா, அந்தக் காப்பு மாடு மேயாமல் பயிரைக் காப்பதுதானே. எங்கள் ஊரில் காப்பு என்றால் ஆடி மாதம் அம்மனுக்குக் கட்டுவது. வேண்டாமே!

நங்கநல்லூர், வியாழன்

எல்லாருக்கும் நன்றி. அட்டையில் ‘மண்பேண் வேளாண்மை’. உள்ளே மூடாக்கு, பயிர் சுழற்சி, அரிதாள் விதைப்பு. முதல் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நெல்லுக்குள் உளுந்து வீசும் பக்கத்தை வைக்கச் சொல்லி வெளியீட்டாளரிடம் பேசினேன், ஒத்துக்கொண்டார். மாட்டுத் தீவனம், களை, கரையான் மூன்றுக்கும் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறேன். ஒன்றுதான் தருவாராம். அண்ணியிடம் கேட்டு, கரையானுக்கு அங்கே என்ன செய்கிறார்கள் என்று பல்லாவரம் அம்மா இன்று இரவுக்குள் எழுதினால் நல்லது.

இன்னும் ஒரு சொல் பாக்கி. பயிர் இல்லாத காலத்தில் நிலத்தை மூடுவதற்கென்றே வளர்க்கும் ‘கவர் கிராப்’. ‘மூடுபயிர்’ என்று எழுதியிருக்கிறேன். நரிப்பயறும் கொள்ளும் போடுகிறவர்கள் அதை வேறு ஏதாவது சொல்கிறார்களா?