சதாபிஷேகக் குடும்பப் படமும் 16:9 கேள்வியும்

கார்த்திக்: அனைவருக்கும் வணக்கம். ஞாயிறன்று தாத்தாவின் சதாபிஷேகம் முடிந்ததும் திருவல்லிக்கேணி வீட்டுக் கூடத்திலேயே குடும்பப் படம் எடுத்துவிடலாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். என் சிறிய டிஜிட்டல் கேமராவில் படத்தின் அகல உயர விகிதத்தை 16:9 என்று வைத்தால் படம் அகலமாக வரும், 35 பேரும் அடங்கிவிடுவோம் என்று நினைக்கிறேன்.

மல்லிகா அத்தை: அகலமாகவே வைத்துக்கொள். இந்த முறை யாரும் விடுபடக் கூடாது.

பாலு மாமா: பார்ப்போம்.

சேகர் சித்தப்பா: கார்த்திக், அவசரப்படாதே. 16:9 என்று வைத்தால் படம் நீளவாக்கில் தெரியுமே தவிர, ஒரு ஆள்கூடக் கூடுதலாக உள்ளே வரமாட்டார். உன்னுடையதைப் போன்ற கேமராக்களில் உள்ள சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லு, ஏறக்குறைய 6.17 மி.மீ. அகலமும் 4.55 மி.மீ. உயரமும் கொண்டது. அதன் இயல்பான வடிவமே 4:3. அதில் 16:9ஐத் தேர்ந்தெடுத்தால் கேமரா அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்கை வெட்டிவிடுகிறது. லென்ஸும் மாறவில்லை, நீ நிற்கும் இடமும் மாறவில்லை என்னும்போது, பக்கவாட்டில் புதிதாக எதுவும் வந்து சேர வழியே இல்லை.

பிரியா: செல்பேசியில் பார்க்கும்போது 16:9 படம்தானே பெரிதாகத் தெரிகிறது, சித்தப்பா?

சேகர் சித்தப்பா: செல்பேசியின் திரை நீளமானது, அம்மா. 4:3 படத்தை அதில் பார்த்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். 16:9 படம் திரையை ஏறக்குறைய நிறைத்துவிடும். நிறைந்திருப்பதால் நிறைய இருப்பதாகக் கண்ணுக்குப் படுகிறது. கார்த்திக், நின்ற இடத்தை விட்டு அசையாமல், ஜூமையும் தொடாமல், இரண்டு விகிதத்திலும் ஒவ்வொரு படம் எடுத்து இங்கே போடு.

கார்த்திக்: எடுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டிலும் இடது ஓரத்தில் காலண்டர், வலது ஓரத்தில் குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடி. 16:9 படத்தில் மேலே மின்விசிறியும் கீழே கோலப்பலகையும் காணவில்லை.

லலிதா பெரியம்மா: காலண்டர் இன்னும் போன மாதத்திலேயே நிற்கிறதே, அதை யாராவது கிழிக்கக் கூடாதா?

பிரியா: கிழித்துவிடுகிறேன், பெரியம்மா. சித்தப்பா, கேமராவின் லென்ஸைச் சுற்றி 5.0 என்று எழுதியிருக்கிறது, பெட்டியில் 28 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். எது சரி?

சேகர் சித்தப்பா: இரண்டும் சரிதான். 5.0 என்பது லென்ஸின் உண்மையான குவியத்தொலைவு, மி.மீ. கணக்கில்; அது குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும். 28 என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிமோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஃபிலிம் சட்டத்தின் அளவு 36க்கு 24 மி.மீ., மூலைவிட்டம் 43.3 மி.மீ.; உன் சென்சாரின் மூலைவிட்டம் 7.7 மி.மீ. அளவில்தான் இருக்கும். அது ஏறத்தாழ 5.6 மடங்கு என்பதால் ஐந்து இருபத்தெட்டாகிறது. ஆனால் இந்தக் கணக்கு மூலைவிட்டத்தை வைத்துப் போடப்படுவது என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஃபிலிமின் வடிவம் 3:2, உன் சென்சாரின் வடிவம் 4:3. ஆகவே இரண்டும் ‘28 மி.மீ.’ என்றாலும் ஃபிலிம் பக்கவாட்டில் 65 பாகை வரை பார்க்கும், உன் கேமரா 63 பாகைதான் பார்க்கும். அந்தக் குறையை உயரத்தில் ஈடுசெய்கிறது: ஃபிலிமில் 46 பாகை, உன்னுடையதில் 50.

லலிதா பெரியம்மா: சேகர், ஒரே கேள்விதான். நாங்கள் எத்தனை பேர் ஒரு வரிசையில் நிற்க வேண்டும்?

சேகர் சித்தப்பா: சொல்கிறேன், அண்ணி. கூடத்தில் கார்த்திக் சுவரோடு ஒட்டி நின்றால் முன்வரிசைக்கு 12 அடி கிடைக்கும். அங்கே கேமராவுக்குத் தெரிவது சுமார் 15 அடி அகலம், 11 அடி உயரம். ஆளுக்கு ஒன்றரை அடி வைத்து, ஓரங்களில் சிறிது இடம் விட்டால் ஒரு வரிசைக்கு 9 பேர். ஓரத்தில் ஒட்டி நிற்பவர்களின் முகமும் உடலும் சற்று அகன்று தெரியும் என்பதால் அந்த இடைவெளி அவசியம். 35 பேருக்கு நான்கு வரிசை: குழந்தைகள் தரையில், பெரியவர்கள் நாற்காலியில், ஒரு வரிசை நின்றுகொண்டு, கடைசி வரிசை பெஞ்சின் மேல். நமக்கு உயரம்தான் இருக்கிறது. அதை 16:9இல் வைத்து இழக்கலாமா?

பாலு மாமா: சேகர் திருமணத்தன்று படம் எடுத்தவரும் எல்லோரும் தெரிகிறார்கள் என்றுதான் சொன்னார். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் என் தோள் மட்டும் இருக்கிறது. நான் இந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை.

மல்லிகா அத்தை: இத்தனை வருடங்களாக இவர் அந்தப் படத்துக்கு எதிரே உட்காருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சேகர் சித்தப்பா: அத்தான், இதை முன்பே உங்களிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. அதே நெகட்டிவிலிருந்து போட்ட 4க்கு 6 அங்குலப் படம் என் அலமாரியில் இருக்கிறது. அதில் இடது கோடியில் நீங்கள் பட்டு அங்கவஸ்திரத்தோடு முழுதாக நிற்கிறீர்கள். வலது கோடியில் கனகா சித்தி நிற்கிறார். 4க்கு 6 என்பதும் ஃபிலிமைப் போலவே 3:2 வடிவம், அதனால் அதில் யாரும் விடுபடவில்லை. சட்டம் போடுவதற்காக 8க்கு 10 அங்குலத்தில் பெரிதாக்கியபோது வடிவம் 5:4 ஆகிவிட்டது. அகலத்தில் ஆறில் ஒரு பங்கு இரு ஓரத்திலும் பகிர்ந்து வெட்டுப்பட்டது. உங்களோடு கனகா சித்தியும்தான் போனார். யாரும் உங்களை விலக்கவில்லை.

பாலு மாமா: கனகாவும் இல்லையா? அதை நான் கவனிக்கவில்லை. அந்தச் சிறிய படத்தை ஞாயிறன்று எடுத்து வா.

சேகர் சித்தப்பா: கட்டாயம் எடுத்து வருகிறேன். இதற்காகத்தான் கார்த்திக்கிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன். 16:9இல் எடுத்து, பிறகு எல்லோருக்கும் 4க்கு 6 அங்குலத்தில் தாளை நிரப்பிப் போடச் சொன்னால், அகலத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு போய்விடும். 15 அடியில் அது இரு பக்கமும் ஓரடிக்கு மேல். ஓரத்தில் நிற்பவர்கள் மறுபடியும் பாதியாவார்கள். 4:3இல் எடுத்துப் போட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும். அது விட்டமும் தரையும். ஆனால் 8க்கு 10 மட்டும் வேண்டாம், அதில் 4:3 படத்துக்கும் பக்கவாட்டில் சிறிது வெட்டு விழும்.

கார்த்திக்: விகிதத்தை மாற்றினால் உண்மையிலேயே அகலம் கூடும் கேமரா கிடையாதா?

சேகர் சித்தப்பா: உண்டு. 2008இல் வந்த பானசோனிக் லூமிக்ஸ் எல்எக்ஸ்3இல் லென்ஸின் மேலேயே 4:3, 3:2, 16:9 என்று ஒரு விசை இருக்கும். அதன் சென்சார் தேவைக்குச் சற்றுப் பெரியது. எந்த விகிதத்திலும் மூலைவிட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்படி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். 4:3இல் படத்தின் அகலம் 3648 புள்ளிகள் (பிக்சல்கள்), 16:9இல் 3968. அது ஃபிலிம் கணக்கில் 24 மி.மீ. லென்ஸ் என்பதால் நம் 12 அடித் தொலைவில் 17 அடிக்கு மேல் தெரிவது 19 அடியை நெருங்கும். விகிதத்தை மாற்றியதற்காக மட்டும் ஒரு ஆள் கூடுதலாக நிற்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. எல்லாக் கேமராக்களும் அப்படி வந்திருக்க வேண்டும்.

பிரியா: என் தோழி ஒருத்தி அடையாற்றில் அதை வைத்திருக்கிறாள், கேட்டுப் பார்க்கிறேன். பேட்டரி வேலை செய்கிறதா என்று தெரியவில்லை.

லலிதா பெரியம்மா: மொட்டை மாடிக்குப் போய்விட்டால் இவ்வளவு கணக்கே வேண்டாமே. அங்கே 20 அடி பின்னால் போகலாம்.

சேகர் சித்தப்பா: 20 அடி என்றால் இதே கேமராவில் 24 அடிக்கு மேல் அகலம் கிடைக்கும், அண்ணி. அதற்கு ஈடு எதுவும் இல்லை.

மல்லிகா அத்தை: அப்பாவின் முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறுவதா? அவரைக் கேட்காமல் யாரும் முடிவு செய்யாதீர்கள்.

கார்த்திக்: கேமராவை 4:3இலேயே வைத்துவிட்டேன். கூடம் என்றால் பெஞ்ச் வேண்டும். பந்தல்காரரிடம் யார் பேசியிருக்கிறீர்கள்?

லலிதா பெரியம்மா: மல்லிகா பேசியிருப்பாள்.

மல்லிகா அத்தை: நாற்காலிக்கு மட்டும்தான் பேசினேன்.