ஓடூ மென்பொருளுக்கும் அதன் தரவுத்தளத்துக்கும் ஒரே நாஸ் பெட்டி போதுமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் மொத்த விற்பனை நிறுவனத்தில் ஏறத்தாழ 40 பேர் ஓடூ என்ற வணிக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். சர்வரில் இடம் குறைந்து வருவதால், 4 வட்டுகள் கொண்ட நாஸ் பெட்டியை (நெட்வொர்க் வழியாக இணையும் சேமிப்புப் பெட்டி) வாங்கி, பில் நகல்களையும் ஓடூவின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் அதிலேயே வைக்கலாம் என்கிறது நிர்வாகம். ரெய்டு 5 (ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி வட்டுகளைச் சேர்க்கும் முறை) போதுமா? 1 கிகாபிட் இணைப்பு தாங்குமா?

மறுமொழி 1:
ஐயா, இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஓடூ, பில் நகல் போன்ற தன் இணைப்புக் கோப்புகளைப் பொதுவாகத் தரவுத்தளத்துக்கு வெளியே தனி ஃபோல்டரில் வைப்பதால், அதைத் தாராளமாக நாஸுக்கு மாற்றலாம். தரவுத்தளமோ, ஒவ்வொரு கமிட்டின்போதும் (ஒரு மாற்றத்தை நிரந்தரமாகப் பதியும்போதும்) வட்டில் எழுதி முடிந்ததை உறுதிசெய்யும்வரை காத்திருக்கும். ஆகவே நெட்வொர்க் இணைப்பின் வேகத்தைவிட, ஒவ்வொரு முறை எழுதுவதற்கும் ஆகும் தாமதமே பில் போடுபவரைக் காக்க வைக்கும். போதாததற்கு, ரெய்டு 5இல் ஒரு சிறு மாற்றத்துக்குப் பழைய தரவையும் பாரிட்டியையும் (பழுதான வட்டின் தரவை மீட்க உதவும் கூடுதல் தகவல்) படித்து, புதியவற்றை எழுத, 4 வட்டுச் செயல்கள் தேவை. ஒவ்வொன்றையும் இரு வட்டுகளில் எழுதும் ரெய்டு 10இல் 2 போதும். மின்தடைப் பாதுகாப்புள்ள 2 எஸ்எஸ்டிகளைச் சர்வரிலேயே ரெய்டு 1ஆக (ஒன்றின் நகலாக மற்றொன்று) அமைத்து, தரவுத்தளத்தை அங்கேயே விடுங்கள். செலவும் குறைவு.

மறுமொழி 2:
மேலே சொன்னதே என் கருத்தும். நிர்வாகம் பிடிவாதமாக இருந்தால் ஐஸ்கஸி (நாஸின் இடத்தைச் சர்வருக்குத் தனி வட்டு போலக் காட்டும் முறை) வழியாகத் தனி வால்யூம் கொடுங்கள். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) என்றால் ‘ஹார்டு’ மவுண்ட்டும் (நாஸ் பதில் தரும்வரை விடாமல் முயலும் இணைப்பு), நாஸ் பக்கத்தில் ‘சிங்க்’ அமைப்பும் (வட்டில் எழுதிய பிறகே பதில் தருவது) கட்டாயம். விண்டோஸ் ஷேரில் தரவுத்தளத்தை வைக்கவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாஸ் ஸ்னாப்ஷாட்டையே (பெட்டிக்குள்ளேயே அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) பேக்கப்பாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1:
கூடாது, பெட்டி போனால் ஸ்னாப்ஷாட்டும் போய்விடும். இரவுதோறும் பிஜி_டம்ப் (போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நகலெடுக்கும் கருவி) கொண்டு நகல் எடுத்து, இணைப்புக் கோப்புகளோடு சேர்த்து வேறிடத்துக்கு அனுப்புங்கள்.