எது எங்கள் நாடு?

சென்னையின் மூன்று பகுதிகளிலிருந்து மூன்று பேர் சொல்கிறார்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

எங்கள் தெருவில் பாதி வீடுகள் பர்மாவிலிருந்து வந்தவர்களுடையவை. 1964-இல் அங்கே நெ வின்னின் ராணுவ அரசு கடை கண்ணிகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியது. 50, 100 கியாட் நோட்டும் செல்லாமல் போனது. சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களில் எதிர்வீட்டு ஆயாவும் ஒருவர். அவருடைய அண்ணன் நேதாஜியின் படையில் இருந்தவர். 1944-இல் நேதாஜி ரங்கூனுக்குத் தலைமையகத்தை மாற்றிய காலத்துக் கதைகளை ஆயா சொல்லக் கேட்கவேண்டும்! ஆகஸ்ட் 15 அன்று தெருமுனையில் கொடியேற்ற முதலில் வந்து நிற்பவர் அவர்தான்.

புதிதாகக் குடிவந்த பையன் ஒருவன், "நீங்க பர்மாக்காரங்கதானே ஆயா?" என்று கேட்டுவிட்டான். ஆயாவுக்கு வந்ததே கோபம். "இந்தியாக்காரி, போன்னு சொல்லித்தான் அங்கேருந்து அனுப்புனான். இங்க வந்தா நீ பர்மாக்காரிங்கிற. அப்ப எனக்கு எதுடா நாடு?"

அதே ஆயா மொய்ங்கா என்ற பர்மா மீன் நூடுல்ஸ் செய்தால் தெருவுக்கே ஒரு கிண்ணம் வரும். ரங்கூன் பேச்சை எடுத்தால் கண் கலங்கும். பிறந்த மண்ணை மறந்தால்தான் தேசப்பற்று என்று யார் சொன்னது?

பெரம்பூரிலிருந்து:

எங்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்த அங்கிள் ஆங்கிலோ இந்தியர், ரயில் ஓட்டுநராக ஓய்வு பெற்றவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் ஹாக்கி தங்கம் வாங்கித்தந்த அணியில் அவர் சமூகத்தினர் பலர் இருந்தார்கள். அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரும். சொந்தக்காரர்கள் பலர் ஆஸ்திரேலியாவில். "நீங்க எப்ப போறீங்க?" என்று யாராவது கேட்டால், "இது என் ஊரு மேன், நான் எதுக்குப் போகணும்?" என்பார்.

புழலிலிருந்து:

அந்த ஆயா கேட்ட கேள்விதான் எனக்கும். அப்பா அம்மா 1990-இல் இலங்கையிலிருந்து வந்தார்கள். நான் பிறந்தது இங்கே, முகாமில். பள்ளியில் தினமும் ஜன கண மன பாடினேன். சேப்பாக்கத்தில் இந்தியா ஜெயித்தால் தொண்டை கட்டும்வரை கத்துவேன். ஆனால் நான் இந்தியன் என்று காகிதத்தில் எழுத முடியாது. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தர 2019-இல் வந்த சட்டத்திருத்தத்தில் இலங்கையின் பெயரே இல்லை. பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழி கிடையாது. எங்களையும் அந்தச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.