65 வயதுக்கு முன்பே டிமென்ஷியா: அனுபவம் உள்ளவர்கள் பேசுவீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். 65 வயதுக்கு முன்பே டிமென்ஷியா (நினைவும் சிந்திக்கும் திறனும் படிப்படியாகக் குறையும் நோய்) வந்தவர்களுக்கு என்ன மாதிரி உதவி தேவைப்படுகிறது என்று ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன்.

என்னை இதில் இழுத்துவிட்டது என் அண்ணன். வயது 52, கணக்காளர். ஒரு நாள் ஒரே பக்கத்தை மூன்று முறை கூட்டினார், மூன்று முறையும் வேறு வேறு விடை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முதலில் மன அழுத்தம் என்றுதான் சொன்னார்கள்; நோயின் பெயர் தெரியவே இரண்டு வருடம் ஆனது. அப்புறம் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே எல்லோரும் எண்பதை நெருங்கியவர்கள். "இங்கே நான் யாரைப் பார்க்க வந்திருக்கிறேன்?" என்றார்.

இத்தனைக்கும் டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1901இல் பரிசோதித்த முதல் நோயாளியான பெண்ணுக்கே வயது 51தான்! நாம்தான் இதை முதியோர் நோய் என்று ஒதுக்கிவிட்டோம். இளவயதில் இது மறதியாகத்தான் தொடங்கும் என்றும் இல்லை. சிலருக்குக் குணம் மாறும், சிலருக்குப் பேச்சு தடுமாறும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். வேலையை எப்போது விட்டார்கள், அலுவலகத்தில் யார் சொன்னது? வீட்டுக் கடனை எப்படிச் சமாளித்தீர்கள்? பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள்? எனக்கு மிகவும் தேவைப்படுவது இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான். அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

நோய் உள்ளவர்களே எழுதினால் இன்னும் நல்லது. இரண்டு வரி போதும், பெயர் வேண்டாம். தனிச்செய்தியிலும் அனுப்பலாம்.