பதினான்காவது பாகத்தைத் திறக்க மனசு வரவில்லை

செங்கோட்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஃபேண்டஸி தொடர்கள் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு பெரிய தொடரின் கடைசிப் பாகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, படிக்காமலேயே இருந்திருக்கிறீர்களா?

ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரில் பதிமூன்று பாகம் முடித்துவிட்டேன். பதினான்காவதுதான் கடைசி, 'எ மெமரி ஆஃப் லைட்'. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது எடுத்துத் தூசி தட்டுவேன், பின்னட்டையைக்கூடப் படிக்காமல் அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

எனக்கு ஊர் செங்கோட்டை, வேலை புனலூரில். போய்வர பஸ்ஸில் தினமும் மூன்று மணி நேரம் போய்விடும், நாலு வருடமாக அந்த நேரம் முழுக்க இந்தத் தொடர்தான். காலையில் புளியரை தாண்டி எஸ் வளைவு வந்தால் புத்தகத்தை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் தலை சுற்றும். விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், கோட்டைவாசல் வந்ததும் திரும்பப் பிரிப்பேன். ஆனி ஆடியில் சாரல் அடித்தால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், உள்ளே ஒரே இருட்டு, போன் வெளிச்சத்தில் படித்திருக்கிறேன். பதிமூன்றாவதை முடித்தது கழுதுருட்டியில், பதிமூன்று கண் பாலம் பக்கத்தில் பஸ் ரொம்ப நேரம் நின்ற ஒரு சாயங்காலம். அது அப்படி அமைந்தது இன்னும் மனசில் இருக்கிறது.

தொடரைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பாகத்திலும் முதல் அத்தியாயம் ஒரு காற்றோடுதான் ஆரம்பிக்கும். எங்கோ ஒரு மலையிலோ காட்டிலோ காற்று கிளம்பும், ஊர்களைத் தாண்டி வந்து கடைசியில் யாரோ ஒரு ஆள் மேல் படும், கதை அங்கே பிடித்துக்கொள்ளும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் வளர்ந்தவள் நான். முதல் பாகத்தில் அந்த இடத்தைப் படித்தபோது இது எங்கள் ஊர்க் கதை என்றே தோன்றிவிட்டது, அதற்கப்புறம் விடவே முடியவில்லை. எட்டு, ஒன்பது, பத்து இழுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பத்தாவதில் கதை நகரவில்லை என்பது உண்மைதான், எனக்கு அதுவும் பிடித்தது. சொந்தக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்கிற மாதிரி இருந்தது.

ஜோர்டான் 2007-இல் இறந்துவிட்டார். பதினொன்று வரைதான் அவர் தனியாக எழுதியது. கடைசி மூன்றையும் அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். பன்னிரண்டாவதின் அட்டையில் இரண்டு பெயரைப் பார்த்த அன்றைக்கே வயிற்றைப் பிசைந்தது. பதினான்காவதையும் படித்துவிட்டால் ஜோர்டான் சொல்ல எதுவுமே பாக்கி இருக்காது. மறுநாள் காலை அந்த பஸ்ஸில் ஏறி நான் என்ன செய்வேன்?

உங்களுக்கு இப்படி இருந்தால் எப்படிக் கடந்தீர்கள் என்று சொல்லுங்கள். கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மார்த்தாண்டம் வாசகன் எழுதியது:

படிச்சிருங்க சகோதரி. நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு.

நான் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுக்காகக் காத்திருக்கிற ஆள். 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' முதல் பாகம் வந்தது 1996-இல், ஐந்தாவது வந்தது 2011 ஜூலையில். அப்போது நான் நாகர்கோவிலில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தேன், நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு பிரதி வாங்கி, ஆளுக்கு ஐந்து நாள் என்று முறை வைத்துப் படித்தோம். என் முறை கடைசி. இன்று என் மகள் மூன்றாம் வகுப்பு, ஆறாவது பாகம் இன்னும் வரவில்லை. டிவி தொடர் புத்தகத்தைத் தாண்டிப் போய் 2019-இல் முடிந்தும் போனது. நான் அந்தக் கடைசி சீசன்களைப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பாயசத்துக்குக்கூட நிற்காமல் எழுந்து வந்திருக்கிறேன், ஏனென்றால் முடிவை அவர் கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவ்வளவு பெரிய ஊரைக் கட்டினவருக்குக் கூரை போட நேரம் ஆகத்தான் செய்யும். ஆனால் உங்கள் நிலைமை வேறு, முடிவு உங்கள் வீட்டு மேல்தட்டில் இருக்கிறது. எட்டி எடுத்தால் போதும். எனக்கு எட்டுவதற்கு எதுவும் இல்லை.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன், மார்த்தாண்டம் அண்ணன் மன்னிக்கணும். மனசு வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

எனக்குப் பிடித்தது உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ'. முதல் மூன்றும் 1968, 1971, 1972-இல் வந்தன, அதோடு முடிந்தது என்றுதான் படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். பதினெட்டு வருடம் கழித்து 1990-இல் நான்காவது வந்தது, அட்டையிலேயே எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம் என்று போட்டிருந்தார்கள். அப்புறம் 2001-இல் இன்னும் இரண்டு! எழுதியவருக்கே கடைசி எது என்று முடிவாகாதபோது நாம் ஏன் அவசரப்பட வேண்டும்? நான் முதல் மூன்றையும் வருடா வருடம் படிப்பேன், நான்காவதுக்குப் போக எனக்கு எட்டு வருடம் ஆனது. சீக்கிரம் போயிருந்தால் அது எனக்குப் புரிந்திருக்காது, ஏனென்றால் அது நடு வயதுப் பெண்ணின் கதை, நான் முதலில் வாங்கும்போது இருபதுகூட ஆகவில்லை.

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்துதான் கதை சொல்வார்கள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிக்யமாலையிலிருந்து கடமற்றத்துக் கத்தனார் கதையை அம்மம்மா சொல்லச் சொல்ல வளர்ந்தேன், ஒரு நாளும் அது முடிந்ததாக எனக்கு நினைவில்லை. தூங்கிப்போகிற இடம்தான் முடிவு. பிடித்த கதையில் பாக்கி வைத்துக்கொள்வது தப்பே இல்லை.

செங்கோட்டைக்காரி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. கொழிஞ்சாம்பாறை சொன்னதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் மார்த்தாண்டம் அண்ணன் எழுதின கடைசி வரி நேற்று இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை.

கம்பம்மெட்டு எழுதியது:

கதையைத் தொடாமல் ஒரு விஷயம் மட்டும். நீங்கள் அட்டையில் இரண்டு பெயர் பார்த்து வருத்தப்பட்டதாக எழுதியிருந்தீர்கள், இது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. தொடரின் முடிவுக் காட்சியை ஜோர்டான் இறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். சாண்டர்சன் அதைக் கலைக்காமல் பதினான்காவதின் கடைசியில் வைத்திருக்கிறார். சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தது ஜோர்டானின் மனைவி ஹாரியட், அவர்தான் இந்தத் தொடருக்கு முதலிலிருந்தே எடிட்டரும். ஜோர்டான் இறந்த சமயத்தில் சாண்டர்சன் எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டுத்தான் அவரைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்திருக்கிறார். ஒரே புத்தகமாக முடிக்கப் பார்த்தது மூன்றாக வளர்ந்து, 2009, 2010, அப்புறம் 2013 ஜனவரி.

அதனால் அவர் சொல்ல வேண்டியதில் பாக்கி இருக்கிறது. அது நீங்கள் மேல்தட்டில் வைத்திருக்கும் புத்தகத்துக்குள், கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

நகரி எழுதியது:

எனக்கு அறுபது தாண்டிவிட்டது, நீங்கள் சொல்லும் ஆங்கிலத் தொடர்களில் இரண்டு மூன்றைத்தான் மகன் கொடுத்துப் படித்திருக்கிறேன். தொடர் என்றால் எனக்கு முதலில் பொன்னியின் செல்வன்தான். அதில் மந்திரம் கிடையாது, ஆனாலும் உங்கள் கேள்வி அதில் எனக்கு நடந்தது.

1950-லிருந்து 1954 வரை கல்கியில் வாரா வாரம் வந்ததை எங்கள் ஆயா எடுத்து வைத்திருந்தது. நாங்கள் நெசவு வீடு, நூலுக்குப் பஞ்சம் இல்லை. கோணி ஊசியால் தறி நூலைக் கோத்துத் தைத்து, பழைய சேலைத் துணியைக் கஞ்சிப் பசையில் ஒட்டி அட்டை போட்டிருக்கும். ஐந்து கட்டு. மணியம் போட்ட படங்கள் இருக்கிற பக்கம் மட்டும் கை பட்டுப் பட்டு ஓரம் கறுத்திருக்கும். ஐந்தாவது கட்டில் கடைசிப் பக்கங்களைச் செல் அரித்துவிட்டது, அதனால் நான் பையனாகப் படித்தபோது கதை நடுவில் அப்படியே நின்றுபோனது. எங்கள் ஊர் நூலகத்தில் அப்போது தெலுங்குப் புத்தகங்கள்தான். முடிவு என்ன என்று ஆயாவைக் கேட்டால், பாவு சுற்றிக்கொண்டே சொல்லும். ஆயா சொன்ன கதையில் மணிமேகலை பிழைத்துக்கொள்வாள்.

வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் ஐந்து பாகமும் வாங்கினேன். கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். சென்னையில் ஒரு மேன்ஷன் அறையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று போய்க் கேட்க அப்போது ஆயா இல்லை.

அதற்குப் பின்னால் கல்கி ஒரு முடிவுரை எழுதியிருக்கிறார், படித்திருப்பீர்கள். கதை திடீரென்று முடிந்துவிட்டது, இவர் என்ன ஆனார் அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே போவார். அந்த வருடம் டிசம்பரிலேயே அவரும் போய்விட்டார். அந்த முடிவுரையைப் படித்தபோதுதான், தொடரைக் கீழே வைக்க முடியாமல் என்னைப் போல எத்தனையோ பேர் 1954-லேயே இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இன்றைக்கு என்னிடம் இரண்டு முடிவும் இருக்கிறது, கல்கி எழுதியதும் ஆயா சொன்னதும். கல்கியுடையதைப் படிக்காமல் இருந்திருந்தால் ஆயா எனக்காக என்ன செய்தது என்றே தெரியாமல் போயிருக்கும். படி அம்மா.

செங்கோட்டைக்காரி எழுதியது:

நகரி ஐயா, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், அம்மா எழுந்து போய் மேல்தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்து என் டிபன் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது.

கம்பம்மெட்டு, அந்த விஷயம் எனக்குத் தெரியாது. இந்தத் தொடரைப் பற்றி எதையும் தேடிப் படிக்கப் பயந்துகொண்டே இருந்ததால் இதுவும் கண்ணில் படவில்லை.

இன்று காலை ஆரம்பித்தேன். முன்கதை நீளம், முதல் அத்தியாயத்துக்கு இன்னும் வரவில்லை. எஸ் வளைவில் வழக்கம்போல விரலை வைத்து மூடினேன். மழை இல்லை, ஷட்டர் ஏற்றியிருந்தது, கோட்டைவாசல் திருப்பத்தில் காற்று அடித்துப் பக்கம் படபடவென்று புரண்டது, கடைசிப் பக்கம் தெரிந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். கொழிஞ்சாம்பாறை, மெதுவாகத்தான் படிப்பேன், ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல் கிடையாது. முடிக்கிற அன்றைக்கு இங்கே வந்து சொல்கிறேன், அதுவரை யாரும் கதையை எழுதிவிடாதீர்கள்.